அது என் அம்மாவின் டிராக்டர்

சுரங்க டவுன்ஷிப்பில் நம் பிளாக்கில் ஓடி விளையாடிய எல்லோருக்கும் இப்போது அறுபது தாண்டியாயிற்று. பாதிப் பேருக்கு முட்டி வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. போன மாதம் வடலூரில் ஒரு கல்யாணத்தில் உங்களில் நாலைந்து பேரைப் பார்த்தேன். கை கழுவுகிற இடத்தில் ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா மாதிரி ஒரு சாந்தமான மனுசன நான் பார்த்ததே இல்லடி. ஒரு நாள் குரலை உசத்திப் பேசி யாராவது கேட்டிருக்கமா?" என்றாள். கூட நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். யார் சைக்கிளுக்கு அவர் செயின் மாட்டிக் கொடுத்தார், யார் வீட்டு டேபிள் ஃபேனை ஓட வைத்தார் என்று பேச்சு நீண்டது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது.

அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? அதன் சீட்டில் ஏறி உட்கார்ந்து வாயால் ஹாரன் அடித்தவர்கள்தானே நீங்கள். அதை எங்கள் அப்பா வாங்கினார் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. அதை வாங்கியவள் அம்மா. இரண்டு எருமைகளைக் கொடுத்து வாங்கினாள்.

அந்த எருமைகளையாவது மறந்திருக்க மாட்டீர்கள். நம் வரிசையில் அம்மா பால் ஊற்றாத வீடு குறைவு. அந்த அலுமினியக் கேனும், விளிம்பு நசுங்கிய பால் அளவையும் கண்ணிலேயே நிற்கின்றன; காலையில் மைன்ஸ் சங்கு ஊதும்போது அம்மா கொட்டகையிலிருந்து வெளியே வருகிற வாசம் எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. சாணம், புண்ணாக்கு, நுரைத்த பால், அதற்கு மேல் காற்றில் வரும் கரிவாடை.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஒரே ஊர். அம்மா அவள் வீட்டுக்கு ஒரே பெண். அவள் அப்பா போனபிறகு நிலம் அவளுக்கு வந்தது. ஆனால் அதில் பயிர் வைத்தவர் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. மனசு வந்தால் நெல் மூட்டை அனுப்புவார். அனுப்பும்போது ஏதோ தர்மம் பண்ணுகிறவர் மாதிரி கூடவே ஒரு பேச்சும் வரும். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அவரிடம் கேட்டேவிட்டாள்.

"மாமா, வர்ற வருசத்துலேர்ந்து என் நெலத்த நானே வச்சிக்கிறன்."

பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "ஏரு என்னுது, மாடு என்னுது, ஆளு என்னுது. நீ என்னாத்த வச்சிக்கினு உழுவ? பால் கேனையா?"

வாசலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சத்தம் வராமல், துண்டால் வாயை மூடிக்கொண்டு.

நெல்லிக்குப்பத்தில் ஒரு கரும்புக்காரர் வீட்டுக் கொல்லையில் ஓடாத டிராக்டர் ஒன்று கிடக்கிறது என்று புண்ணாக்குக் கடைக்காரர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். ஆலைக்குக் கரும்பு இழுத்து ஓய்ந்த வண்டி, எந்தக் காலத்திலோ கப்பலில் வந்தது. அவர் புது வண்டி வாங்கிவிட்டார். வீட்டில் பாலுக்கு மாடு இல்லை. அம்மாவிடம் மாடு இருந்தது, வண்டி இல்லை. பேச்சு அங்கேயே முடிந்தது. எருமைகளை ஏற்றிக்கொண்டு போன லாரியே திரும்பி வரும்போது டிராக்டரைச் சங்கிலி போட்டு இழுத்து வந்தது.

நீல நிறம் என்று சொல்லலாம். பாதி துரு. சைலன்சருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. சீட்டுக்கு அடியில் மண் சேர்ந்து ஒரு குப்பைமேனிச் செடி முளைத்திருந்தது. எருமைக் கொட்டகை இருந்த இடத்திலேயே அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் அழுதேன். எருமைக்காக.

ஷிப்ட் முடிந்து அப்பா சைக்கிளில் வந்தார். இறங்கினார், பார்த்தார். அக்கம்பக்கம் முழுவதும் கூடியிருந்தது. "பால் கறக்கறதக் குடுத்துட்டுத் துருப் புடிச்சத வாங்கியாந்திருக்கா எம் பொண்டாட்டி" என்றார், புன்னகையோடு. சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. எதிர் வீட்டு டீச்சர் அம்மாவிடம், "வேற யாராவது இருந்தா அடிச்சே இருப்பாங்க. நீங்க குடுத்து வச்சவங்க" என்றார். அடிக்காதது ஒரு கொடுப்பினை. அப்படித்தான் நம் அம்மாக்களை வைத்திருந்தோம்.

அப்பா மைன்ஸில் ஃபிட்டர். பெல்ட் ஓடும் உருளைகளையும் கியர் பெட்டிகளையும் பிரித்து மாட்டுகிறவர். அவரிடம் பச்சைப் பெட்டி நிறைய ஸ்பேனர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தப் பெட்டியோடு பிளாக் முழுவதும் சுற்றுவார். ஆனால் அந்த டிராக்டரில் ஒரு போல்ட்டைக்கூட அவர் கை தொட்டதில்லை. அம்மா கேட்டதற்கு, "டூட்டியில இரும்பப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சும்மா" என்றார். சொல்லிவிட்டு மூன்றாவது வீட்டு ஸ்கூட்டருக்குப் பிளக் மாற்றப் போனார். அப்போது எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. பாவம் அப்பா, களைப்பு என்று நினைத்தேன். நான் அப்பா செல்லம்.

மந்தாரக்குப்பத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வாய் ஓயாத மனுசர். ஒரு நாள் வந்தால் நாலு நாள் வர மாட்டார். வந்ததும் பானெட்டைத் தட்டிப் பார்த்து, "இது போய்ச் சேந்துட்ட வண்டிக்கா. எடைக்குப் போட்டுடு" என்றார்.

"பிரிச்சிப் பாக்காம எப்பிடிச் சொல்ற?"

"பிரிச்சா திரும்ப மாட்ட முடியாது."

"மாட்டறது என் பாடு. நீ பிரி."

பிரித்தார். மழைத் தண்ணீர் இறங்கி பிஸ்டன் உள்ளேயே ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றி ஊறப் போட்டார்கள். அப்பா டூட்டிக்குப் போனதும் அம்மா அவருடைய பழைய காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொள்வாள். பெரிய சக்கரத்தைப் பிடித்து முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஓர் இழு. நானும் அவளோடு தொங்குவேன். அசையாது. மறுநாளும் அசையாது. கை தோல் உரிந்து, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பாள். ஒரு மத்தியானம், ரேடியோவில் விவசாயிகளுக்கான செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, சக்கரம் ஒரு விரல் அளவுக்கு நகர்ந்தது. உள்ளே ஏதோ கரகரவென்று விட்டுக்கொடுத்த சத்தம். அம்மா சக்கரத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நெற்றியில் கிரீஸ் வட்டமாக ஒட்டியது. அன்று முழுவதும் அதைத் துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. வால்வுகளுக்குப் பசை தடவி, நுனியில் ரப்பர் கப் வைத்த குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டித் தேய்ப்பார்களே, அதை மெக்கானிக் ஒரு தடவை செய்து காட்டினார். மோர் கடைந்த கைக்கு அது பெரிய வேலையா? அவர் பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் அம்மா அடுத்ததற்குப் போயிருந்தாள். ரேடியேட்டர் ஓட்டையை அடைக்க அதைத் தலையில் சுமந்து மந்தாரக்குப்பம் போனாள். டீசல் தொட்டிக்குள் நுழைகிற கை என்னுடையது மட்டும்தான். உள்ளே கையை விட்டுத் துருவைத் துணியால் வழித்து எடுப்பேன். முழங்கை வரைக்கும் செங்கல் நிறம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நாற்றம் என்றீர்கள். நீங்கள்தான்.

யாரோ புகார் கொடுத்தார்கள். டவுன்ஷிப் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, குவார்ட்டர்ஸ் பின்னால் இதையெல்லாம் நிறுத்தக்கூடாது என்றார். அம்மா, "ஓட ஆரமிச்சதும் எடுத்துடறேங்க. கழனியில கொட்டாய் போட்டுக்கினு இருக்கன்" என்றாள். அப்பா குறுக்கே வந்து, "இந்த மாசத்துக்குள்ள எடுத்துடறேன் சார். எங்க போடணும்னு நான் பாத்துக்கறேன்" என்றார். ஆபீஸ்காரர் போனதும் அப்பாவைப் பார்த்து அம்மா கேட்டாள்: "நீங்க என்னா பாத்துக்குவீங்க?" அப்பா செய்தித்தாளை விரித்தார்.

வண்டி கிளம்பிய நாள் உங்களில் பலருக்குத் தெரியும். மெக்கானிக் ஒரு லாரி பேட்டரி கொண்டுவந்திருந்தார். முதலில் வெறும் முனகல். டீசல் குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டு மறுபடி முயன்றார்கள். கறுப்புப் புகை ஒரு முட்டு முட்டியது, கோழிகள் பறந்தன, எதிர் வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியெல்லாம் புள்ளி புள்ளியானது. பிறகு டப் டப் என்று சீராக ஒரு துடிப்பு. தரை வழியாக என் காலில் ஏறியது. மெக்கானிக்கே நம்பவில்லை. "அக்கா, ஓடுதுக்கா!" என்று கத்தினார். அம்மா ஏறி உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லக் கிளச்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்தது. அப்புறம் பிளாக்கைச் சுற்றி வந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒரு பொம்பளை, பின்னால் நாம் எல்லோரும் ஓட்டம்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் விட்டு வந்த கூட்டத்தோடு அப்பா திருப்பத்தில் நின்றிருந்தார். கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். அப்பா சிரித்தார். பெருமையில் சிரிக்கிறார் என்று நினைத்து நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அம்மா வண்டிக்குக் கலப்பை தேடி என்னையும் கூட்டிக்கொண்டு நெல்லிக்குப்பம் போனாள். அந்தக் கரும்புக்காரரே பழைய கொத்துக் கலப்பை ஒன்றைக் கொடுத்தார். எங்கள் எருமை ஒன்று கன்று போட்டிருந்தது. அம்மா அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தாள். மேட்டு நிலத்தில் மல்லாட்டை போட்டால் கடலை எண்ணெய்க்கும் ஆகும், ஆடிக்கு முன்னால் உழவு முடித்துவிடலாம் என்று. அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கலப்பையை ஏற்றி வந்த வண்டி வீட்டுக்குப் பின்னால் திரும்பியது. அந்த இடம் காலியாக இருந்தது. மண்ணில் ஆயில் கறை மட்டும்.

அப்பா வீட்டுக்குள் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு உதவியாக.

"வண்டி எங்க?"

"அண்ணன் வந்தாரு. ஓட்டிக்கினு போனாரு. இங்க நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கல்ல."

"என்னைக் கேக்காம?"

"அண்ணன்தானே. வேத்தாளா?"

"அவருகிட்டேர்ந்து என் நெலத்த மீட்கத்தானே நான் அந்த வண்டிய வாங்கனன்!"

"கத்தாதம்மா. அக்கம்பக்கம் கேக்குது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நீங்கள் மெச்சுகிற அதே குரல். அம்மா கத்தினாள், பாத்திரத்தை எறிந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் கேட்டது அம்மாவின் குரலை மட்டும்தான். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் அப்பாவுக்காகப் பரிதாபப்பட்டார்கள். நானும்தான், அம்மா ஏன் இப்படிக் கோபக்காரியாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஊருக்குப் போய்க் கேட்டாள். பெரியப்பா வண்டிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். பானெட்டில் மஞ்சள் எழுத்தில் 'அண்ணன் தம்பி' என்று எழுதியிருந்தது. "தம்பி குடுத்துது. நீ தம்பிகிட்டக் கேட்டுக்கோ" என்றார். அந்தத் தம்பி இங்கே எங்கள் வீட்டில் உட்கார்ந்து, "கொஞ்சம் பொறு, நானே பக்குவமா பேசறன்" என்றார். பேசவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. நாங்கள் பள்ளிக்கூட விழாவுக்குப் போயிருந்த நேரத்தில் அந்தக் கலப்பையும் போய்விட்டது. "இரும்பு சும்மாத்தானே கெடந்தது. அண்ணன் கேட்டாரு" என்றார் அப்பா.

அன்றைக்கு அம்மா கத்தவில்லை.

உழவு தொடங்கிய பருவத்தில் ஒரு காலையில் என் தலையை வாரிவிட்டு, "பள்ளிக்கொடம் வேணாம், வா" என்றாள். குறிஞ்சிப்பாடியில் இறங்கி வேறு பஸ் பிடித்து, வரப்பு வழியாக நடந்தோம். அம்மாவின் நிலத்துக்கு அடுத்திருந்த பெரியப்பாவின் நிலத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கலப்பை பின்னால் மண்ணைப் புரட்டிக்கொண்டு வந்தது. கூலிக்கு வைத்த டிரைவர் ஓட்டினான். அம்மா அதன் முன்னால் போய் நின்றாள்.

"எறங்கு."

"யக்கா, பெரியவரு திட்டுவாரு."

"பெரியவர எங்கிட்ட அனுப்பு. நீ எறங்கு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இறங்கிவிட்டான். அம்மா ஏறினாள், வரப்பை ஏற்றித் தன் நிலத்துக்குள் இறக்கினாள். உழ ஆரம்பித்தாள். முதல் சால் கோணல். இரண்டாவதும் கோணல். மூன்றாவது நேராகிவிட்டது. காய்ந்து கிடந்த செம்மண் புரண்டு அடி ஈரம் மேலே வந்த வாசம் எனக்கு இன்றைக்கும் வருகிறது. பெரியப்பா ஓடி வந்து வரப்பில் நின்று கத்தினார். என்னென்ன வார்த்தை என்று எழுத மாட்டேன். என்ஜின் சத்தத்தில் அம்மாவுக்கு எதுவும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ஊர் கூடிவிட்டது. யாரையோ அனுப்பி மைன்ஸிலிருந்து அப்பாவை வரவழைத்தார்கள்.

அவர் யூனிஃபாரத்தோடே வந்தார். அதற்குள் முக்கால்வாசி உழுதாகியிருந்தது. அப்பா நிலத்துக்குள் இறங்கி கையைக் காட்டினார். அம்மா வண்டியை நிறுத்தி என்ஜினையும் அணைத்தாள். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதி காதை அடைத்தது.

"எறங்கும்மா. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் அப்பா.

"பாக்கட்டும். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறன். இந்த வண்டி யாருது? எல்லாரும் கேக்கற மாதிரி ஒரு தடவ சொல்லுங்க. என்னுதுன்னு சொல்லிடுங்க, நான் எறங்கிடறன். அப்புறம் உங்க அண்ணனே வச்சிக்கட்டும்."

அப்பா அண்ணனைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். குனிந்து காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"நம்ம வூட்டு வண்டிதான்" என்றார்.

நம்ம! வாழ்க்கையில் நான் கேட்ட வார்த்தைகளில் இவ்வளவு அயோக்கியமான வார்த்தை கிடையாது. கூட்டம் அதைக் கேட்டுத் தலையாட்டியது. பாரு, எவ்வளவு பெருந்தன்மையா சொல்றாரு என்று ஒரு கிழவர் சொன்னார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்ஜினைப் போட்டாள். அப்பா விலகவில்லையென்றால் அவர் மேலேயே ஏற்றியிருப்பாள் என்று தோன்றியது. விலகினார். மீதியை உழுது முடித்தாள். வண்டியைக் கொண்டுபோய்ப் பெரியப்பா வீட்டு வாசலில் நிறுத்தினாள். சாவியை அவர் கையில் கொடுக்கவில்லை, வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். நானும் அவளும் பஸ்ஸில் திரும்பினோம். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

"ஏம்மா வண்டிய விட்டுட்ட?" என்று கேட்டேன்.

"அவரு வாய்லேர்ந்து வரணும்னு நெனச்சன். வரல. அப்புறம் அந்த இரும்பு எனக்கு எதுக்கு?" என்றாள்.

அந்த வருசம் மல்லாட்டை போட்டாள். அதற்கப்புறம் நிலத்தை யாருக்கும் விடவில்லை. பக்கத்து ஊர் வண்டிகளைக் கூலிக்குப் பிடித்து உழுதாள். பெரியப்பா பாதையை மறித்தார், சுற்றிக்கொண்டு போனாள். நான் நர்ஸுக்குப் படித்தது அந்த நிலத்தால்தான், அப்பாவின் சம்பளத்தால் இல்லை. அந்தச் சம்பளத்தில் பாதி ஊரில் அண்ணன் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போயிற்று. டிராக்டர் பல வருசம் பெரியப்பாவுக்கு உழைத்தது. கடைசியில் வடலூரிலிருந்து பழைய இரும்பு வியாபாரி வந்து கேஸ் கட்டர் வைத்து அறுத்து எடுத்துப் போனார். ஊர்க்காரி ஒருத்தி வந்து சொன்னபோது அம்மா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

அப்பா ஓய்வு பெற்றதும் மந்தாரக்குப்பத்தில் வீடு பார்த்துக் குடியேறினார்கள். நான் ஒரு லீவு நாளில் போயிருந்தேன். மூன்று பேரும் முன் அறையில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் ஒரு டிராக்டர் செங்கல் ஏற்றிக்கொண்டு போயிற்று. எனக்கு எங்கிருந்து வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா, அன்னிக்கு அந்த டிராக்டர் அம்மாவுதுன்னு நீங்க ஏன் சொல்லல?"

"எந்த டிராக்டர்?"

"நம்ம குவார்ட்டர்ஸ் பின்னால நின்னதே."

அப்பா யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம வூட்டுல ஏது டிராக்டரு? அண்ணன்தான் ஒண்ணு வச்சிருந்தாரு. பச்சை வண்டி. நல்ல வண்டி அது" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கை மடியில் அப்படியே கிடந்தது.

"நான் சரி பண்ண வண்டி" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்து இதமாகச் சிரித்தார். "இவ சரி பண்ணாளாம்" என்றார்.

நான் எழுந்து உள்ளே போனேன். அலமாரியிலிருந்து அம்மாவின் புடவைகளை எடுத்து ஒரு பையில் வைத்தேன். அவளுடைய மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி. அம்மா கதவோரம் வந்து நின்று பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. "அந்தப் பச்சைப் போர்வையும் எடுத்துக்கோ" என்றாள்.

அப்பா வாசல்வரை வந்தார். "எப்ப திரும்பி வருவ?" என்று அம்மாவைக் கேட்டார், ரொம்பச் சாந்தமாக. அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அவர் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு அந்த வீட்டில்தான் கடைசிவரை இருந்தார். இந்த வயதில் ஒரு தங்கமான மனுசனைப் பெண்டாட்டியிடமிருந்து பிரித்துவிட்டாள் பாவி என்று உங்களில் சிலர் என்னைப் பேசியது என் காதுக்கு வந்தது. பேசுங்கள். அன்று தெருமுனையில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நான் பையைத் தூக்குவதற்குள் அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள்.